ஓம் சொல்லக் கூடாத வீடு

அந்த வீட்டில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் தடை. வசவுக்குக்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது. சீசன் நேரத்தில் லோடு வந்து சேராவிட்டால் செய்யது அபுதாஹிர் லாரிக்காரனின் பரம்பரையையே இழுத்து வைவார். அவர் பெண்சாதி அக்தர் பேகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். ஆனால் 'ஓம்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிடுவாள்.

"ஆமா. எங்க, சொல்லு பாப்போம். ஆமா."

"ஓம், ஆமா," என்பாள் சின்னவள்.

சின்னவளுக்கு ஆறு வயது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, அதுதான் தொல்லையே. அக்தருக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் வாசலை எட்டிப் பார்ப்பாள். நாம் ஆமா என்கிற இடத்திலெல்லாம் இலங்கையின் வடக்கே ஓம் என்பார்கள். அங்கே அது மூச்சு மாதிரி தானாக வருகிற சொல். சிவகாசியில், அதுவும் ஒரு முஸ்லிம் வீட்டில், இரண்டு பிள்ளைகள் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் தெருவில் போகிறவன் நின்று கேட்கத்தான் செய்வான். கேட்டவன் சும்மா போவான் என்று என்ன நிச்சயம்.

பிள்ளைகளை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது பலவேசம். பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவர். காலையில் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவார், அந்த ஊர்களில் ஒன்று சிலோன் அகதி முகாம். அபுதாஹிருக்கு வெடி சுற்றுகிற காகிதம் வாங்கி விற்கிற வியாபாரம். வீட்டின் முன்பக்கம் குடோன், பின்பக்கம் குடித்தனம். இருவருக்கும் நெடுநாள் பழக்கம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம் வேலை ஆட்களை இறக்கிவிட்ட வேனைக் கொண்டுவந்து குடோன் வாசலில் நிறுத்தி, "மதினி, கொஞ்சம் வெளிய வாங்க," என்றார் பலவேசம். வேனுக்குள் கடைசி சீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் தலையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள்.

"முகாம்ல ஒரு பொம்பளை எங்க வேன்ல வேலைக்கு வருது. அதுக்கு அண்ணன் மக்க. தாய் தகப்பன் ரெண்டு பேரும் செல்லடியில, குண்டு விழுந்து போயிட்டாக. இதுக படகேறி வந்து, இன்னும் அகதின்னு எங்கயும் பதியாம இருக்குதுக," என்றார் பலவேசம்.

"பதிய வேண்டியதுதானே," என்றாள் அக்தர்.

பலவேசம் பெரியவளைப் பார்த்தார். அவள் துண்டை எடுத்தாள். பதினாலு வயதுப் பெண் தலை, பையன் தலை மாதிரி ஒட்ட வெட்டிக் கிடந்தது. வெட்டினவர்களுக்கு நிதானமும் இருந்திருக்கவில்லை, இரக்கமும் இருந்திருக்கவில்லை.

"வீட்டுக்கு ஒரு ஆள்னு அங்க சண்டை போடுற இயக்கத்துல பிடிச்சுட்டுப் போயிருக்காக. போன அன்னைக்கே முடியை வெட்டிட்டாக. இது பயிற்சியில இருந்து தப்பிச்சு, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு ஓடியாந்திருக்கு. இந்தத் தலையோட பதியப் போனா என்ன நினைப்பாகன்னு சொல்லுங்க. துப்பாக்கி பிடிச்ச பிள்ளைன்னு தனியாக் கொண்டுபோயி வச்சிருவாக. சின்னது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். முடி வளந்து சடை போட்டுட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக, மதினி. அதுவரைக்கும்தான். உங்க வீட்டுலன்னா முக்காடு போட்டிருந்தா ஏன்னு கேக்க ஆள் இல்ல பாருங்க."

யோசித்துத்தான் வந்திருக்கிறார் மனுஷன். ஊரெல்லாம் எத்தனையோ வீடு இருக்க, வெட்டின முடியை மறைப்பதற்கு இதைவிடத் தோதான வீடு ஏது. ஆனால் அக்தர் பேகத்தின் முகம் இறுகிவிட்டது.

"அவங்க ஆளையா? என் வீட்டுலயா?" என்றாள்.

அவளுக்கு மைமூன் என்று ஒரு அக்கா. யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்த உறவுக்காரருக்கு வாக்கப்பட்டுப் போனவள். தொண்ணூறாம் வருஷம் ஒரு காலையில் அந்த ஊர் முஸ்லிம்களை எல்லாம் மைதானத்துக்குக் கூப்பிட்டு, மத்தியானத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டது இயக்கம். கடையும் வீடும் கிடந்தபடி கிடந்தன. வழியில் நிறுத்திச் சோதித்து, மைமூன் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து புத்தளத்துப் பக்கம் ஓலைக்குடிசையிலும் ஓட்டுக்கொட்டகையிலுமாகக் காலம் தள்ளுகிறாள். அந்தக் காதில் மறுபடி ஒன்றும் போட்டதில்லை. அவள் புருஷன் அங்கேதான், கடைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டே மவுத்தாகிப் போனார். அக்தர் இதையெல்லாம் பதினெட்டு வருஷமாக போனில் கேட்டுக் கேட்டு அழுதவள்.

"கூட்டிட்டுப் போயிருங்க, அண்ணே. என் அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிக்க," என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, நாரணாபுரம் பக்கத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலைந்து வெடி, படபடவென்று. சிவகாசியில் பிறந்த கைக்குழந்தைக்கு அது தாலாட்டு. பலவேசம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வேனுக்குள்ளோ சின்னவள் சீட்டிலிருந்து காணாமல் போயிருந்தாள். குனிந்து பார்த்தால், சீட்டுக்கு அடியில் குப்புறக் கிடக்கிறாள், இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்துகொண்டு. பெரியவள் அவள்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

"வாயை ஏன் திறந்து வச்சிருக்கு?" என்றாள் அக்தர்.

"செல் விழேக்க வாயை மூடினா காது வெடிக்கும்," என்றாள் பெரியவள், தரையில் கிடந்தபடியே, ரொம்ப மரியாதையாக.

அக்தருக்குத் தாங்கவில்லை. என்ன ஜென்மங்கள் இதெல்லாம், பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக்கொடுப்பது என்று யாரை என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. "உள்ள வாங்கடி," என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அவள் ஒன்றும் தியாகம் செய்கிற ரகம் இல்லை. அன்றைக்கு மட்டும் வாய் அப்படிச் சொல்லிவிட்டது, பிறகு பின்வாங்க வெட்கமாக இருந்தது.

பெரியவள் நிரோஜினி, ஹாதியா ஆனாள். சின்னவள் டிலக்சி, மஹ்ரீன் ஆனாள். காயல்பட்டினத்தில் அபுதாஹிருக்குத் தூரத்துச் சொந்தம், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியாயிற்று. கடற்கரைப் பேச்சு கொஞ்சம் வேற மாதிரிதானே இருக்கும் என்று ஊரும் ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டு ஞானசுந்தரி மட்டும், "காயல்பட்டினத்துப் பேச்சு கேக்க எம்புட்டு அழகா இருக்கு, அக்தரக்கா," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மெச்சிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புருஷன் வீட்டு ஆட்கள் ஊர் முழுக்க இருந்தார்கள், அவளுக்கு வாயும் இருந்தது. அந்த மெச்சுதலைக் கேட்கும்போதெல்லாம் அக்தர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு ஹாதியாவின் முக்காட்டை எடுத்து, எண்ணெய் தேய்த்து, முடி எவ்வளவு வந்திருக்கிறது என்று இழுத்துப் பார்ப்பாள் அக்தர். முடி என்ன இவள் அவசரத்துக்கா வளரும். ஆடி முடிந்தும் காதைத் தாண்டவில்லை. "ஒரு சாண் வந்துட்டாப் போதும்டி, பின்னல் மாதிரி ஏதாச்சும் போட்டுரலாம்," என்பாள். "ஓம், அன்ரி," என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமா, பெரியம்மா," என்பாள் ஹாதியா. ரொம்பக் கெட்டிக்காரி. தொழுகைக்கு நிற்பது, சலாம் சொல்வது எல்லாவற்றையும் யாரும் வற்புறுத்தாமலே பார்த்துப் பழகிக்கொண்டாள். அவளுடைய சாமி கோவித்துக்கொள்ளுமோ என்று அக்தருக்குத்தான் சங்கடமாக இருந்தது.

நோன்பு பாதி போயிருந்தபோது புத்தளத்திலிருந்து போன் வந்தது. மைமூனுக்கு விசா கிடைத்துவிட்டது, பெருநாளைக்கு வருகிறாள், ஒரு மாதம் இருக்கப் போகிறாள். வாழ்நாளெல்லாம் அக்தர் ஏங்கிக் கிடந்த சேதி அது. போனை வைத்துவிட்டு அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். போலீசுக்குக்கூடக் காயல்பட்டினம் என்று சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் குடித்தனம் பண்ணின மனுஷிக்கு அந்தப் பேச்சு தெரியாதா? தெரிந்துகொண்டால் என்ன செய்வாள்?

பிள்ளைகளை வேறு எங்காவது மாற்றலாம் என்று பார்த்தால் பலவேசம் கையை விரித்தார். "சீசன், மதினி. வேலைக்குப் பிள்ளைகள ஏத்திட்டுப் போறாகளான்னு வழியெல்லாம் வேனை மறிச்சுப் பாக்காக. இந்த நேரத்துல ரெண்டு பிள்ளைகள ஏத்திட்டுப் போனா நானா வலையில போயி விழுந்த மாதிரி." வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு இருப்பதாகச் சொன்ன அபுதாஹிரும் அதற்குப் பிறகு பேச்சை எடுக்கவில்லை.

"அவ முன்னால வாயே திறக்கக் கூடாது. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிருவேன்," என்றாள் அக்தர்.

"கதைக்க மாட்டம்," என்றாள் சின்னவள்.

"கதைக்க இல்லடி, பேச."

"பேசக் கதைக்க மாட்டம்."

மைமூன் வந்தாள். வற்றிச் சுருங்கி, மூளிக் காதோடு, ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். அக்தரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள்.

"இவை ஆர்?"

"காயல்பட்டினம். மச்சான் வழிச் சொந்தம். தொண்டை கட்டிக்கிடக்கு ரெண்டுக்கும்."

"ரெண்டு பேருக்குமோ," என்றாள் மைமூன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அக்தருக்கு.

சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று மைமூன் தண்ணீர் வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அந்தத் தெருவில் ஆழ்குழாய்க் கிணறு போட்டால் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க ஆகும். குடிக்கிற நல்ல தண்ணி குழாயில் என்றைக்கோ ஒருநாள் வரும், வந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். மைமூன் முதல் ஆளாகப் போய் நின்று பிடித்து, வடிகட்டி, பானையை நிரப்பி, மூடிவைப்பாள்.

பெருநாளைக்கு முந்தின வாரம் நோன்புக் கஞ்சி வாங்கிப் போக ஞானசுந்தரி வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், அந்த ஊரில் என்னதான் நடந்தது என்று மைமூனிடம் கேட்டுவைத்தாள். மைமூன் சொன்னாள். மைதானம், ஒலிபெருக்கி, சோதனைச் சாவடி, தோடு என்று ஒன்று விடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். ஞானசுந்தரி மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் மைமூன், "அவங்கட பிள்ளை ஒண்டு விக்கிச் சாகிறன் எண்டு வந்து நிண்டாலும் என்ர கையால ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டன்," என்றாள்.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஹாதியாவின் கை நின்றதை அக்தர் பார்த்தாள். அன்று மாலை நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் எல்லாரும் தண்ணீரை எடுத்தார்கள். ஹாதியா பேரீச்சம்பழத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அக்தர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் மனசு முழுக்க, அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. 

தீபாவளி நெருங்கிவிட்டது. கடைசி ஆர்டர்களுக்காக ஊரே தலைகீழாக நின்றது. அபுதாஹிர் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வராத நாள் ஒன்றில், சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்கு, சாதாரணச் சட்டையில் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். செருப்பை வெளியே கழற்றினார்கள். அந்த மரியாதையே அக்தருக்குப் பயமாக இருந்தது.

"போலீஸ்தாம்மா. பயப்படாதீக. பாய் இல்லையா?" என்றார் இருவரில் பெரியவர். "இந்தப் பக்கம் சிலோன் பேச்சு கேக்குறதா ஒரு தகவல். சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான். குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அக்தர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மைமூன் தொழுகையில் இருந்தாள்; கூப்பிடவும் முடியாது. அக்தர் நிற்கிற விதத்தைப் பார்த்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்கிற பழக்கத்தில் செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் ஹாதியா. போடி உள்ளே என்று கத்த வேண்டும் போல் இருந்தது அக்தருக்கு.

பெரியவர் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி," என்றார். "பேரென்னம்மா?"

"ஹாதியா."

"எந்த ஊரு?"

"காயல்பட்டினம்."

எல்லாம் சரியாக வந்தது. அக்தர் பாதி மூச்சு விட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்னவளைக் காட்டி, பெரியவர் போகிறபோக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"அது உன் தங்கச்சியா?"

"ஓம்," என்றாள் ஹாதியா.

சொன்ன உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்தருக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் செம்பை மெதுவாகத் தரையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து நாரணாபுரத்துக் காற்று வெடிச் சத்தத்தை அள்ளிக்கொண்டு வந்தது. மூன்று நாலு வெடி, வீட்டு ஓடு அதிர. மஹ்ரீன் கட்டிலுக்கு அடியில் போய்க் குப்புற விழுந்து வாயைத் திறந்துகொண்டாள்.

"சிவகாசியில வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில போற பிள்ளைய இப்பத்தான் பாக்கேன்," என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. கூட வந்தவரைப் பார்த்தார். "அம்மா, இந்தப் பிள்ளைய முக்காட்டை எடுக்கச் சொல்லுங்க. நான் பாக்கக் கூடாதுன்னா பொம்பளை போலீஸை வரச் சொல்றேன்."

அக்தர் பேகத்துக்கு எப்போதும் வாய்க்குப் பஞ்சம் கிடையாது. அன்றைக்கு முக்காட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடி காதைத் தாண்டி நாலு விரற்கடைகூட வந்திருக்கவில்லை. அவ்வளவுதான், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போகப் போகிறார்கள், என் வீட்டிலிருந்தே போகப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

அப்போது உள்ளேயிருந்து மைமூன் வந்தாள். தொழுகைக்குப் போட்ட வெள்ளைத் துணி தலையில் அப்படியே இருந்தது. வாசற்படியைத் தாண்டும்போது மறுபடி வெடித்தது. இந்தத் தடவை சரம், நிற்காமல், நீளமாக. மைமூன் நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுந்தாள். தவழ்ந்து போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்து, சின்னவள்மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அவள் தலையை மூடிக்கொண்டாள். வயதான ஒரு மனுஷி அப்படிக் கிடப்பதைப் பார்க்க அந்த இரண்டு ஆண்களுக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

சத்தம் ஓய்ந்தது. மைமூன் சின்னவளை இடுப்பில் அணைத்தபடி வெளியே வந்தாள். அவள் உடம்பு நடுங்கியது. அது நடிப்பா நிஜமா என்று அக்தர் பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். நிஜம்தான்.

"ஐயா, சிலோன் ஆள் நான்தான்," என்றாள் மைமூன். "பாஸ்போட் பெட்டிக்குள்ள கிடக்கு. விசாவும் கிடக்கு, பாருங்கோ. நான் யாழ்ப்பாணத்தில செல்லடிக்குள்ள கிடந்தனான். இப்பவும் சத்தம் கேட்டா உடம்பு சொல்லுக் கேக்குதில்லை. இந்தக் குஞ்சுகளையும் நான்தான் பழுதாக்கிப்போட்டன். என்னைப் பாத்துப் பாத்து இவளும் விழுறாள். மற்றவள் என்ர கதையைக் கேட்டு ஓம் ஓம் எண்டு திரியிறாள். தங்கச்சி ஒவ்வொரு நாளும் என்னை ஏசுறாள், பிள்ளையளின்ர பேச்சைக் கெடுத்துப்போட்டாய் எண்டு."

பெரியவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். விசா இருந்தது. எல்லாம் முறையாக இருந்தது.

"முக்காடு?" என்றார், விடாமல்.

"பெரிய பிள்ளையான குமர். உங்கட மகளாயிருந்தா அந்நிய ஆம்பிளைக்கு முன்னால எடு எண்டு சொல்லுவீங்களோ?"

அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். வாசலுக்கு வந்து, சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்த ஞானசுந்தரியைக் கூப்பிட்டார். அவள் வீட்டு ஆட்களிடமிருந்துதான் பேச்சு எங்கெங்கோ போய் அவர் காதுக்கு வந்திருக்கும் என்று அக்தருக்குத் தோன்றியது. "ஏம்மா, இந்த வீட்டுல சிலோன் பேச்சு எப்ப இருந்து கேக்குது?"

மைமூன் வந்தது நோன்பில். பிள்ளைகள் வந்தது ஜூன் மாதம். ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பேச்சை மெச்சிக்கொண்டிருந்தவள் ஞானசுந்தரி. அவள் அக்தரைப் பார்த்தாள். அக்தருடைய முகத்தில் என்ன கண்டாளோ. எல்லாம் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இந்தப் பெரியம்மா வந்த நாள்ல இருந்துதான் சார்," என்றாள் ஞானசுந்தரி. "அதுக்கு முன்ன இந்த வீட்டுல அக்தரக்கா சத்தத்தைத் தவிர வேற ஒரு சத்தமும் கேட்டதில்ல."

இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஞானசுந்தரி ஒன்றும் கேட்காமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாயாடி என்று அவளை எத்தனை நாள் மனசுக்குள் வைதிருப்பேன் என்று அக்தருக்கு அழுகை வந்தது. உள்ளே திரும்பினாள். மைமூன் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஹாதியா மூலையில் சுவரோடு சுவராக நின்றாள்.

"அக்கா, உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த அண்டைக்கே. சின்னவள் நித்திரையில கதைச்சவள். அம்மா, பங்கருக்குள்ள போவம் எண்டு. காயல்பட்டினத்துப் பிள்ளை பதுங்கு குழிக்குள்ள போகுமோ?" மைமூன் ஹாதியாவைப் பார்க்காமலே சொன்னாள். "மற்றவளின்ர தலையும் ஒளு செய்ய முகம் கழுவேக்க பாத்தனான்."

"தெரிஞ்சேதான் அன்னைக்கு ஞானசுந்தரிகிட்ட அப்படிச் சொன்னியா, தண்ணி குடுக்கமாட்டேன்னு?"

"அவளுக்குக் கேக்கட்டும் எண்டுதான் சொன்னனான்."

 மைமூனின் கை தன்னை அறியாமல் காது மடலுக்குப் போனது, தடவிவிட்டுக் கீழே இறங்கியது.

"சொல்லிப்போட்டு நிம்மதியா இருப்பன் எண்டு நினைச்சன். அண்டையிலிருந்து இந்தப் பிள்ளை நான் பிடிச்சுவைச்ச பானையில கை வைக்கேல்லை, அக்தர். பின்னால போய் உப்புத் தண்ணி குடிக்கிறாள். நீ பாக்கேல்லை. நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். பாத்துக்கொண்டு பானையை நிரப்பிக்கொண்டு இருந்தனான்."

அக்தர் மூலையில் நின்ற ஹாதியாவைப் பார்த்தாள். ஒரே வீட்டில் இத்தனை நாள். போலீசுக்கும் அக்காவுக்கும் பயந்து பயந்து, பிள்ளை என்ன தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்காமல் போனாளே.

மைமூன் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பானை மூடியை எடுக்கிற சத்தம் கேட்டது. டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து ஹாதியாவின் முன்னால் நின்றாள்.

"உன்ர பேர் என்ன?"

"ஹாதி..."

"அது இல்லை."

"நிரோஜினி."

"எவ்வளவு நாள் அவங்களிட்ட இருந்தனீ?"

"தெரியேல்லை. முதல் நாளே ஓடப் பாத்தனான். விடேல்லை." பெண் முக்காட்டின் நுனியைத் திருகினாள். "உங்களைப் போகச் சொன்னது எனக்குத் தெரியாது, அம்மா. நான் அப்ப பிறக்கேல்லை. ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை."

"எங்களை இருக்க விடாமல் கலைச்சவங்களும் அவங்கள்தான், உன்னைப் போக விடாமல் வைச்சிருந்தவங்களும் அவங்கள்தான்," என்றாள் மைமூன். "இதில நீயும் நானும் எதுக்குப் பிள்ளை ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு உப்புத் தண்ணி குடிக்கிறது. இந்தா, குடி. என்ர கையால தாறன். விளங்குதோ?"

ஹாதியா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஓம்," என்றாள்.

அக்தர் பேகம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திருத்தவில்லை.